நன்றிப் பட்டியலோடு கம்பம் வரை

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உடைந்த கண்ணாடிச் சாமான்களை எழுதிவைக்க ஒரு பதிவேடு உண்டு. முன்பக்கத்திலிருந்து உடைந்தவை வரும். பின்பக்கத்திலிருந்து வருபவை என் பக்கங்கள். பேருந்தில், கடையில், கல்யாண வீட்டில், யார் வாயிலிருந்து நல்ல சொலவடை விழுந்தாலும் அதில் ஏற்றிவிடுவேன். பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றவள் நான். கோயம்புத்தூரில் இந்த ஆய்வகத்துக்குக் குடுவை கழுவ வந்தேன். கழுவிக்கொண்டே காதில் விழுந்ததைக் கற்றுக்கொண்டு, இன்று கிருமி வளர்க்கும் கூழைக் காய்ச்சுவதுவரை நானே செய்கிறேன். இந்த முறை பின்பக்கத்தில் நான்கு பக்கம் ஒரேயடியாக நிறைந்துவிட்டது. மூன்று நாள் கம்பம் பக்கம் போய்வந்த கதை அது.

போக வேண்டி வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மாணவர்கள் எட்டுப் பேர், மதுமிதா என்ற பெண்ணின் தலைமையில், ஒரு கிருமியைத் தயார்செய்தார்கள். திராட்சைத் தோட்டங்களில் பூஞ்சாணத்துக்கு மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிப்பார்கள். துத்தத்தில் இருப்பது செம்பு. இலையிலிருந்து சொட்டிச் சொட்டி அது மண்ணில் தங்கும். மண்ணைக் கரைத்த தண்ணீரில் செம்பு இருந்தால் இந்தக் கிருமி சிவந்து காட்ட வேண்டும். அதுதான் திட்டம். இதற்குச் செயற்கை உயிரியல் என்று பெயர். "கிருமி பழசுதான் அக்கா. சமைக்கத் தெரிஞ்ச ஆளுக்குப் புதுசா ஒரு சமையல் குறிப்பு எழுதிக் கொடுக்கிற மாதிரி," என்றாள் மதுமிதா. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளிநாட்டில் நடக்கும் ஒரு மாணவர் போட்டிக்கு இதை அனுப்பினார்கள். அந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. குழுவில் இல்லாத ஒருவர் துரும்பைக் கிள்ளிப்போட்டு உதவியிருந்தாலும், அவர் பெயரையும் என்ன செய்தார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதியாக வேண்டும். பிறர் வேலையைத் தன் வேலையாகக் காட்டினால் பரிசு கிடையாது. அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதைப் பார்த்த அன்று ஒரு குடுவையைக் கீழே போட்டுவிட்டேன். பதிவேட்டின் முன்பக்கத்தில் அதையும் நானே எழுதினேன்.

அந்தப் பட்டியல்தான் வினையாயிற்று.

மண் வேண்டும் என்று கேட்டபோது, கல்லூரி வாசலில் பழக்கடை வைத்திருப்பவர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ராசாங்கம் என்பவருடைய எண் அது. கேட்ட மூன்றாம் நாள் பேருந்தில் மண் வந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தவள் நான். சலித்த கேப்பை மாவு போல இருந்தது. ஒரு கல் இல்லை. சாணி உரத்தின் வாசம் கமகமவென்று அடித்தது. மிச்சத்தை ஆய்வக வராந்தாவில் இருக்கும் துளசித் தொட்டியில் போட்டேன். துளசி ஒரே மாதத்தில் என் இடுப்பு உயரம் வந்துவிட்டது. கிருமிதான் சிவக்கவில்லை. மூன்று மாதம் பிள்ளைகள் கிருமியைக் குறை சொன்னார்கள், பிறகு தங்களையே குறை சொல்லிக்கொண்டார்கள். மதுமிதா சாமான் அறையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

ஒருநாள் அவள் ராசாங்கத்துக்குப் போன் போட்டபோது, தோட்டத்தில் வேலைசெய்யும் பேச்சியம்மாள் என்ற பெண் எடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "அதுல எங்கிட்டுத்தா மருந்து இருக்கும்? அது நாத்துக்குப் போட்டு வச்சிருந்த மண்ணுல்ல." மதுமிதா அவரிடமே இரகசியமாகக் கேட்டு, பந்தலுக்கு அடியிலிருந்து வேறு மண் அனுப்பச் சொன்னாள். பழைய பால் பாக்கெட்டில் அது வந்தது. ஒரே ராத்திரியில் குடுவை சிவந்தது.

உண்மையை உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா? மதுமிதா எழுதினாள்: 'ராசாங்கம்: மண் மாதிரி கொடுத்தார். பேச்சியம்மாள்: தோட்டக்காரருக்குத் தெரியாமல் பந்தலுக்கு அடியிலிருந்து இரண்டாவது மாதிரி அனுப்பினார்.' அந்தத் துணிச்சலைப் பாராட்டுவதாக அவளுக்கு எண்ணம். அதோடு விட்டாளா? பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி அந்தப் பக்கத்தை ராசாங்கத்துக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள். நீல டிக் வந்தது. நான்கு நாளாகியும் பதில் வரவில்லை. பேச்சியம்மாளின் போன் பகல் முழுக்கத் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது.

"அக்கா, நன்றி சொல்லப்போய் அவங்க பொழப்பைக் கெடுத்துட்டேனோ?" என்று கேட்டாள். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. இருவரும் கிளம்பிவிட்டோம். பட்டியலைத் திங்கட்கிழமை மாலைக்குள் முடிக்க வேண்டும்.

தேனி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை எழுந்து நின்றது. எங்கள் ஊரிலும் மலை உண்டு. ஆனால் அது தூரத்துச் சொந்தக்காரர் மாதிரி மேற்கே தள்ளி நிற்கும். இங்கே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேச்சுக் கேட்கிறது. அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சின்னமனூருக்கு முன்னால் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

"பெல்ட்டு அந்துருச்சு. எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்கிருங்க," என்றார் நடத்துநர்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "அது அந்து ஒரு வாரம் ஆச்சு. வண்டிக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

புளியமரத்து நிழலில் ஒதுங்கினோம். இன்னும் கொஞ்சம் மண் கிடைத்தால் கொண்டுவரலாம் என்று எங்கள் கையில் தெர்மாகோல் பெட்டி இருந்தது. தலையில் துண்டு கட்டிய ஒருவர் அதையே பார்த்துவிட்டு, "மீனா தாயி?" என்றார்.

"இல்லைங்க, ஆராய்ச்சிக்குங்க," என்றேன்.

"மலையைக் குடையவா?"

விழித்தோம். அவர் சாவகாசமாகச் சொன்னார். "எனக்குப் பொட்டிப்புரம். எங்க ஊருப் பக்கம் மலைக்கு அடியில ஆராய்ச்சிக்கூடம் வருதுன்னு ரொம்ப வருசமாப் பேச்சு. ஆராய்ச்சின்னு காதுல விழுந்தா எங்க ஊர்ல ஆடுகூட நின்னு பாக்கும்."

"நாங்க மலையைத் தொடமாட்டோம். ஒரு டம்ளர் மண்ணு போதும்," என்றாள் மதுமிதா.

"ஒரு டம்ளர்னுதான் எல்லாரும் ஆரம்பிப்பாக."

பையிலிருந்து அவித்த நிலக்கடலையை எடுத்து எங்கள் கை நிறையக் கொடுத்தார். எதற்குப் போகிறோம் என்று கேட்டார். சொன்னோம். "நன்றி சொல்லவா இம்புட்டுத் தூரம்? போன்ல சொன்னா ஆகாதா?"

"போன்லதான் சொன்னேன். அதனாலதான் வந்தோம்," என்றாள் மதுமிதா. அவர் சிரிக்கவில்லை. இன்னொரு கை கடலை கொடுத்தார். புரிந்துகொண்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று கம்பத்தில் தங்கினோம். புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றினார் கடைக்காரர். எங்கள் ஊரில் சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் வைத்துக் கணக்காகத் தொட்டுக்கொள்வோம். போதும் போதும் என்றேன். "போதும்னு சொல்றது வாயிதான், வயிறு சொல்லலையே," என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். அது பதிவேட்டில் ஏறியது. மதுமிதா ஒரு புரோட்டாவுக்கு மேல் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பருத்திப்பால் குடிக்க வெளியே வந்தோம். கருப்பட்டியும் சுக்கும் மணக்க ஒரு டம்ளர், அதற்குமேல் காலை உணவே வேண்டாம். சாலையில் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப்பக்கம் பறந்தன. உள்ளே முழுக்கப் பெண்கள். இடம் இல்லாமல் கதவுக்கு வெளியேயும் கால்கள் தொங்கின. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள். "எப்படித்தான் இப்படி உக்காந்து மலையேறுவாங்களோ," என்று உச்சுக்கொட்டினேன்.

காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கியதும், நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்காரர் பெட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "மண்ணுப் பார்சல் ஆளுகளா? ரெண்டு தடவையும் நான்தான் பஸ்ல ஏத்திவிட்டேன்." மதுமிதா உடனே நோட்டை எடுத்து அவர் பெயரைக் கேட்டு எழுதினாள். முருகேசன். எழுத்துக்கூட்டி இரண்டு முறை சொன்னார். பிறகு டீயை நீட்டிக்கொண்டே, "பேச்சியப் பாக்கணும்னா சாயங்காலந்தான். அஞ்சு நாளா அது ஜீப்புக்குப் போகுது. ராசாங்கண்ணன் தோட்டத்துக்கு வர வேணாம்னு ஆள்விட்டுச் சொல்லிட்டாகளாம்ல," என்றார்.

அதனால்தான் போன் கிடைக்கவில்லை. மலையில் டவர் இல்லை. காலையில் பார்த்த கால்களில் ஒன்று அவருடையது. மதுமிதா டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாகிவிடுகிறது. தலைக்குமேல் கொடி. அடியில் நாம் குனிந்து நடக்க வேண்டும். மோட்டார் அறை வாசலில் ராசாங்கம் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். எழுந்து நின்று வரவேற்றார். தண்ணீர் கொடுத்தார். ஒரு கொத்துப் பன்னீர் திராட்சையைக் கழுவித் தட்டில் வைத்தார். எல்லாம் செய்துவிட்டு எங்கள் முகம் பார்க்காமல் உட்கார்ந்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

"எம் மக தமிழ்ல படிச்சுக் காட்டுச்சு," என்று கடைசியில் ஆரம்பித்தார். "'தோட்டக்காரருக்குத் தெரியாமல்'னு ஒரு இடம் வந்துச்சு. அதை ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்."

மதுமிதா எழுந்துவிட்டாள். "ஐயா, அவங்க மேல தப்பே இல்ல. அவர்கிட்ட சொல்லாதீங்க, சங்கடப்படுவார்னு சொன்னது நான்தான்."

"நான் படவேண்டிய சங்கடத்தை எனக்கும் சேத்து நீங்களே பட்டுட்டீகளாக்கும்."

அவள் தலை குனிந்தாள். அவர் குரலைத் தணித்தார். "உக்காருத்தா. நான் ஏன் அந்த மண்ணைக் குடுத்தேன்னு யாராச்சும் கேட்டீகளா?"

மருந்து விஷயம் வெளியே தெரிந்தால் திராட்சை வியாபாரி விலையைக் குறைப்பாரோ என்று பயந்து நல்ல மண்ணை அனுப்பியிருப்பார் என்றுதான் நாங்கள் ஆய்வகத்தில் பேசிக்கொண்டோம்.

"எங்கனயோ இருந்து படிக்கிற புள்ளைக மண்ணு கேக்குது. காலேசுக்குப் போற மண்ணு. மருந்து சொட்டிச் சொட்டிக் கெடக்கிறதை அள்ளிக் குடுக்கவா? வந்த விருந்தாளி இலையில தீஞ்ச சோத்தை வைப்போமா? நாத்துக்குன்னு பக்குவம் பண்ணி வச்சிருந்ததை நானே உக்காந்து சல்லடையில சலிச்சு அனுப்புனேன். அது உங்களை மூணு மாசம் அலையவிட்டுருச்சு. அதுக்குப் போயி நன்றின்னு என் பேரைப் போட்டிருக்கீக. ஊரு சிரிக்காதா?"

திராட்சைத் தட்டை எங்கள் பக்கம் தள்ளிவைத்து, "பேச்சி இருவது வருசமா இந்தப் பந்தல்ல நிக்கிறவ. 'அண்ணே, நாம அனுப்புனது தப்பு மண்ணு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பேன். அவளே எங்கிட்டச் சொல்லப் பயந்தான்னா நான் என்ன மனுசன்?" என்றார்.

கோபம் என்று நாங்கள் பயந்து வந்தது வெட்கம். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன.

நான் என் துளசிக் கதையைச் சொன்னேன். "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. எங்க வேலையே பல்லைப் புடிச்சுப் பாக்கறதுதானுங்க. அதனால உங்க மண்ணையும் பாத்தோம். ஆனா அண்ணா, அந்தத் துளசியை நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்." அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு.

மதுமிதா போனில் படத்தைத் திறந்து காட்டினாள். கிருமியை ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுவரக் கூடாது. அதனால் படம்தான். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடுவைகள், ஒன்று சிவப்பு, ஒன்று வெளிர். "எல்லா மண்ணுக்கும் சிவக்கிற கிருமியை யாருமே நம்ப மாட்டாங்க ஐயா. செம்பு இல்லாத இடத்துல அது சும்மா இருக்கணும். சும்மா இருக்குதுன்னு உங்க மண்ணை வச்சுத்தான் காட்டினோம். முதல்ல அது எங்களுக்குப் புரியலை. அது இல்லைன்னா எங்க ஆராய்ச்சி பாதிதான்."

போனை வாங்கித் தூர வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். "இந்த வெளிறினது என்னோடதா?"

"ஆமாங்கய்யா."

"அந்தச் சிவப்பும் என்னோடதுதான்." இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "மண்ணு கெட்டுப்போச்சா?" என்றார்.

"செம்பு இருக்குன்னு மட்டும்தான் எங்க கிருமி சொல்லும். எவ்வளவு, அது கெடுதலான்னு எங்களுக்குத் தெரியாது. மண் பரிசோதனை நிலையத்துலதான் பாக்கணும்."

"தெரியாதுன்னு சொல்றீக பாருங்க, அது நல்லாருக்கு," என்றார். "சாப்பிட வாங்க. ஜீப்பு வர நேரமாகும்."

அவர் வீட்டில் கருவாட்டுக் குழம்பு. எங்கள் பக்கத்துக் குழம்பில் தேங்காய் வந்து எல்லாவற்றையும் சமாதானப்படுத்திவிடும். இந்தக் குழம்பு யாரையும் சமாதானப்படுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் மனைவி, "உறைக்குதா? சொன்னா மோர் தருவேன்ல. வாயைத் தொறந்து கேட்டாத்தான இந்த வீட்டுல எதுவும் கெடைக்கும்," என்று சொல்லிக் கணவரைப் பார்த்தார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு நாங்கள் நிறுத்தத்துக்கு வந்தோம். ராசாங்கமும் தன் வண்டியில் வந்து, எங்களோடு நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றார். ஐந்தரை ஆனது. மற்ற ஜீப்புகள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. பேச்சியம்மாள் போன ஜீப்பைக் காணோம். ஆறு மணிக்குப் பெட்டிக்கடை முருகேசன் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. "வளைவுல பஞ்சர் கிஞ்சர் ஆயிருக்கும்," என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். மதுமிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராசாங்கம் வண்டியிலிருந்து இறங்கி, மலைச்சாலை தெரியும் பக்கமாக நடந்தார். கொஞ்ச தூரம் போவார், திரும்புவார், மறுபடி போவார். அவர் ஆள்விட்டதும் அவள் எழுதியதும் சேர்ந்துதான் அந்த அம்மாளை அந்த ஜீப்பில் ஏற்றியிருந்தன.

வெளிச்சம் மங்குவதற்குள் ஜீப் வந்துவிட்டது. பஞ்சர்தான். ஏலக்காய் வாசம் முதலில் இறங்கியது, பிறகு பெண்கள். "மதி, மதி, தள்ளாதீக. சேச்சி, மெல்ல இறங்கு," என்று தமிழையும் மலையாளத்தையும் கலந்து அதட்டினார் ஓட்டுநர்; மதி என்றால் அங்கே போதும். கடைசியாக, ஒரு முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாள் இறங்கினார். மதுமிதா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதும் கண்டுகொண்டார்.

"இதா போன்ல பேசுற புள்ள? குரலு கனமா இருந்துச்சு, ஆளைக் காத்து அடிச்சுட்டுப் போயிரும்போல."

மதுமிதா அழ ஆரம்பித்துவிட்டாள். "என்னால உங்க வேலை போச்சு. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"ஏத்தா, இதுக்குப்போயா? நீ நடந்ததை எழுதுன. நான் செஞ்சதைத்தான எழுதுன." அப்போதுதான் ராசாங்கத்தைப் பார்த்தார். "என்னண்ணே, ஏலக்கா வாங்க வந்தீகளா?"

"நாளைக்குக் கவாத்து இருக்கு," என்றார் ராசாங்கம். கவாத்து என்றால் கொடியை வெட்டிவிடுகிற வேலை.

"எங்க வீட்லயும் நாளைக்கு வேலை இருக்கு. துணி தொவைக்கணும்."

"எட்டு மணிக்கு."

"வர வேணாம்னு சொன்னப்ப மணி சொல்லலையே."

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூடையைச் சரிசெய்வது போல் நின்றார்கள்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல பேச்சி."

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே. நான் பயந்து மறைக்கலை. நீங்க சலிச்சு அனுப்புன மண்ணு. அது தப்புன்னு உங்க மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்ல? அதுக்கு நீங்க ஆள்விட்டுச் சொன்னீக. இருவது வருசத்துக்கு ஆள்விட்டு."

ராசாங்கம் கீழே பார்த்தார். "ஆள்விட்டது தப்புத்தான். அதான் இப்ப நானே வந்து நிக்கிறேன்."

அந்த ஊரில் கோபத்தை யாரிடமும் சொல்லி அனுப்பலாம், வேலைக்கு மறுபடி கூப்பிடுவதை நேரில்தான் செய்ய வேண்டும் என்று பின்னால் முருகேசன் எனக்கு விளக்கினார். அப்போது எனக்கு அது தெரியாது. ஆனால் கூட்டத்தில் யாரோ மூச்சை விட்டது கேட்டது.

"எட்டுன்னா எட்டரைக்கு வருவேன். மூட்டு வலி," என்றார் பேச்சியம்மாள். கூடைகள் எல்லாம் உடனே சரியாகிவிட்டன. பெண்கள் கலைந்தார்கள்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முன்பே பேச்சியம்மாள் பந்தலில் நின்றார். வெட்டிய கொடிக்கு அடிக்க நீல மருந்தை ஒரு பீப்பாயில் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் தன் அரிவாளை அதில் முக்கி, கொஞ்சம் பொறுத்து எடுத்துக் காட்டினார். இரும்பில் செம்பு நிறம் லேசாக ஏறியிருந்தது. "துத்தம் தூக்கலா இருக்கு. இதை அப்படியே அடிச்சா இலை கருகிரும்," என்று இன்னும் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றச் சொன்னார். மறுபடி முக்கினார். இரும்பு இரும்பாகவே வந்தது.

மதுமிதா அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எங்க கிருமி செய்யறதும் இதுதான்."

"உங்க கிருமிக்கு எம்புட்டு நேரம் ஆகும்?"

"ஒரு ராத்திரி."

"அருவாளுக்கு ஒரு நிமிசம்," என்றார் பேச்சியம்மாள். மதுமிதாவின் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "ஆனா அருவாளு மண்ணுக்குள்ள இருக்கிறதைச் சொல்லாதுத்தா. அதுக்கு நீங்க வேணும்," என்றார். மதுமிதா அரிவாளைப் படம் எடுத்துக்கொண்டாள். பட்டியலில் அதுவும் ஏறியது.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்துப் பட்டியலை முதல் வரியிலிருந்து தமிழில் படித்துக் காட்டினாள். இந்த முறை யாரையும் கேட்காமல் எதையும் எழுதுவதாக இல்லை. (நானும் பாடம் கற்றுக்கொண்டேன். இந்தக் கட்டுரையையும் மதுமிதாவுக்கும், போனில் ராசாங்கத்துக்கும் பேச்சியம்மாளுக்கும் முழுதாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். பேச்சியம்மாள், "அழுததை எடுத்துருங்க, பாவம்," என்றார். மதுமிதா, "இருக்கட்டும்," என்றாள்.) ராசாங்கத்தின் வரி வந்ததும் அவர் கையை நீட்டித் தடுத்தார். "என் வரியை எடுத்துருங்க. சலிச்ச கதை ஊருக்கு எதுக்கு?"

"எடுக்கப்படாது," என்றார் பேச்சியம்மாள். "இந்தா பாருத்தா, நான் சொல்ற மாதிரி எழுது. அண்ணன் நல்ல மண்ணைக் குடுத்தாக. நான் உள்ளது உள்ளபடிக்கு, உள்ள மண்ணைக் குடுத்தேன். ரெண்டையும் வச்சுப் பாத்துத்தான் உங்களுக்குப் புரிஞ்சது. அவ்வளவுதான?"

மதுமிதா ராசாங்கத்தைப் பார்த்தாள். அவர் நீட்டியிருந்த கையை இறக்கி, "எழுதுங்க," என்றார்.

எழுதினாள். 'தெரியாமல்' போய்விட்டது. ஆங்கிலத்தில் அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மாலை அந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பெயர்களை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. எல்லாம் இருந்தன. முருகேசன் உட்பட.

ஞாயிறு மதியம் எங்களை வழியனுப்ப இருவரும் நிறுத்தத்துக்கு வந்தார்கள். ராசாங்கம் ஒரு பெட்டி திராட்சை கொடுத்தார். பேச்சியம்மாள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் கொடுத்தார். "பந்தலுக்கு அடியில இருந்து. காலையில நாங்க ரெண்டு பேரும் சேந்து வெட்டுனோம். இன்னொரு தடவ பாருங்க." பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த தாளில் எந்த வரிசை, எவ்வளவு ஆழம் என்று எழுதி, கீழே ராசாங்கம், பேச்சியம்மாள் என்று இரண்டு பெயர்களும் இருந்தன. எழுத்து ராசாங்கத்துடையது. பெயர் வேண்டாம் என்றவர், பேனாவை அழுத்தி எழுதியிருந்தார்.

பேருந்தில் திராட்சையை மேலே வைத்தோம். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் அது நசுங்கி, முன்சீட்டுக்காரர் சட்டையில் சொட்டத் தொடங்கியது. மன்னிப்புக் கேட்டு அவருக்கும் ஒரு கொத்துக் கொடுத்தோம். மதுமிதா என் தோளில் சாய்ந்து, மூன்று நாளில் முதல்முறையாகத் தூங்கினாள். மண்ணை மட்டும் நான் மடியிலிருந்து இறக்கவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார். "மடியிலயே வச்சிருக்கீகளே, பலகாரமா?"

"மண்ணுங்க."

"மண்ணா? நல்ல மண்ணுதானா?"

"உள்ள மண்ணுங்க," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, பொட்டலத்தில் இடிக்காதபடி தன் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.